உயிரணுக்களின் நடையும் பிடிப்பும்

மனிதன் நடக்கிறான் என்பது யாவரும் அறிந்த விஷயம். ஆனால் அவன் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும், உறங்கும்போதும், அவனுடைய சரீரத்துக்குள்ளே எண்ணிறந்த உயிரணுக்கள் நடந்துகொண்டிருக்கின்றன என்பதைச் சிலரே அறிவர். காலில் ஒரு முள் தைக்கிறது. சிறிது நேரத்துக்கெல்லாம், இரத்தக் குழாயின் உட்சுவரில் உருண்டு சென்றுகொண்டிருந்த வெள்ளணுக்கள் அச்சுவரைப் பற்றி நின்று, அதன் சந்துகளில் நுழைந்து வெளியேறி, முள் தைத்த இடத்தை நாடி ஊர்ந்து செல்கின்றன. அவற்றின் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். நமது கண்ணுக்கு இஃது ஆமை நடையிலும் தாழ்ந்த நடை. ஆனால் அந்த நடை தவறினால், சிறு முள்ளும் உயிருக்கு உலை வைத்துவிடும்.

தோல் கிழிந்தால், காயத்தின் இரு கரைகளிலுமுள்ள உயிரணுக்கள் நகர்ந்து வந்து ஒன்றை ஒன்று தொடும்போதுதான் புண் மூடுகிறது. கருப்பையில் வளரும் சிசுவின் மூளையிலோ, நரம்பணுக்கள் ஆழத்தில் பிறந்து, அங்கிருந்து மேற்பரப்பு வரையில் யாத்திரை செய்து, தத்தமக்குரிய இடத்தில் அமர்கின்றன. ஆகவே, நாம் சிந்திப்பதும், நோயிலிருந்து தப்பிப் பிழைப்பதும், நம்முள் இருக்கும் கண் காணாத நடையையே நம்பி நிற்கின்றன.

ராஜாங்க விஷயங்களையே இப்பக்கத்தில் எதிர்பார்க்கும் நேயர்கள், உயிரணுவைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று வினவலாம். காரணத்தைப் பின்னர் விளக்குவோம். இப்போதைக்கு இவ்வளவு கூறினால் போதும்: வலிப்பு கண்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குறித்து நமது வீட்டுத் திண்ணைகளில் எத்தனையோ தீர்ப்புகள் சொல்லப்படுகின்றன. சாட்சியத்தைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. அந்தச் சாட்சியத்தில் ஒரு பகுதியையேனும் நேயர்கள் முன்பு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆக்டின் வெளிப்பட்ட வரலாறு

நடப்பதென்றால் இரண்டு காரியங்கள் கூடி நடக்கவேண்டும். ஒன்று, உடலை முன்னே தள்ளும் சக்தி. மற்றொன்று, தரையைப் பற்றும் பிடிப்பு. திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுகிறவனைப் பாருங்கள். அவனுடைய தோள் எவ்வளவு வலிமையுடையதாயினும், பிடிப்பு இல்லாவிடில் ஓரடியும் மேலேற முடியாது. சேற்று வயலில் முழங்கால் வரை புதைந்தவனோ, பிடிப்பு மிகுதியானதாலேயே அடி எடுத்து வைக்க இயலாமல் தவிக்கிறான். உயிரணுவின் நிலையும் இதுவே. முன்பக்கம் நாக்குப் போல் ஒரு மடலை நீட்டி, அதைத் தரையில் ஒட்டவைத்து, உடலை இழுத்துக்கொண்டு, பின்பக்கத்து ஒட்டை விடுவித்துக்கொண்டுதான் அது நகர்கிறது.

இந்த வேலைக்கெல்லாம் மூலப்பொருளாக இருப்பது ஆக்டின் என்னும் புரதம். அது முதன் முதலாகத் தனியே பிரித்தெடுக்கப்பட்டது ஹங்கேரி தேசத்தில், ஸெகெட் நகரத்து ஸர்வகலாசாலையில், இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில். தசையில் மயோஸின் என்ற புரதம் இருப்பதை ஜெர்மானியரான க்யூனே 1864-ல் எடுத்துக்காட்டியிருந்தார். அந்த மயோஸினோடு கூட நின்று தசையைச் சுருங்கச் செய்யும் வேறொரு புரதம் உண்டென்பதை, ஆல்பர்ட் ஸென்ட்-ஜ்யோர்ஜ்யி என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்த ப்ரூனோ ஸ்ட்ராப் 1942-ல் நிரூபித்தார்.

ஸென்ட்-ஜ்யோர்ஜ்யியின் சரித்திரம் இப்பத்திரிகையின் நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. அவர் 1937-ல் நோபெல் பரிசு பெற்றவர். அவருடைய தேசம் ஹிட்லரின் பக்கம் சேர்ந்திருந்தது. அவர் மனமோ சேரவில்லை. 1943-ல், விஞ்ஞானப் பிரசங்கம் செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு இஸ்தான்புல் நகருக்குச் சென்று, நேச நாடுகளின் பிரதிநிதிகளோடு இரகசியமாகப் பேசினார். இச்செய்தி ஜெர்மானியருக்கு எட்டியது. வீட்டுக் காவலில் வைக்கப்பட்ட அவர், அதிலிருந்து தப்பி யுத்தம் முடியும் வரையில் தலைமறைவாக வாழ நேர்ந்தது. தசையைப் பற்றி அவருடைய குழுவினர் கண்டவை 1945-ல் ஸ்வீடனில் அச்சேறி, அதன்பின் உலகின் கவனத்தைப் பெற்றன. தலைக்கு ஆபத்து வந்த காலத்திலும் ஆராய்ச்சியைக் கைவிடாத ஒருவருடைய கூடத்திலிருந்து வந்த பொருள் ஆக்டின்.

ஆக்டின் தனித்தனி மணிகளாக இருக்கும். மணிகள் கோக்கப்பட்டு இழையாகவும் ஆகும். இரண்டு சரங்கள் முறுக்கிக்கொண்டது போன்ற அவ்விழையின் பருமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லக்ஷம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். இழையின் ஒரு முனையில் மணிகள் விரைந்து சேரும், மறுமுனையில் கழன்றுபோகும். முன்முனை வளர்வதால் உயிரணுவின் மேலாடை முன்னே தள்ளப்படுகிறது. நாம் மேலே கூறிய நாக்கு இவ்விதமே நீள்கிறது.

ஆதியில் ஆக்டின் தசைக்கே உரியது என்று எண்ணினார்கள். 1966-ல் ஜப்பானியரான ஹட்டானோ, ஓஸாவா என்ற இருவர், தசை என்பதே இல்லாத ஒரு வழவழப்பான பூஞ்சை போன்ற ஜீவராசியிலிருந்து அதை எடுத்துக் காட்டினர். அதன் பிறகு பார்த்த இடமெல்லாம் ஆக்டின் தென்படலாயிற்று. எங்கும் இழை இருக்கிறது என்று தெரிந்தது. அவ்விழைகளைக் கட்டி ஆள்வது யார் என்பதுதான் தெரியவில்லை.

முயலும் கோழியும் தந்த விடை

1974-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் ஒரு சிசுவைப் பற்றி எழுதினார்கள். அச்சிசுவை மீண்டும் மீண்டும் கொடிய தொற்று நோய்கள் பீடித்தன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் இருந்தன. ஆனால் அவை நகரவேண்டியபடி நகரவில்லை, கிருமிகளை விழுங்கவேண்டியபடி விழுங்கவுமில்லை. அவற்றிலிருந்து எடுத்த ஆக்டின் சரியானபடி இழையாகத் திரளவில்லை. சேனை இருந்தும் நடக்க முடியாமையால் கோட்டை விழுந்தது போன்ற நிலை அது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்டோஸல். வெள்ளணு எவ்வாறு நடக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அவரும் ஜான் ஹார்ட்விக் என்பவரும், முயலின் நுரையீரலில் குப்பை கூளங்களை விழுங்கிச் சுத்தம் செய்யும் பெரிய அணுக்களைத் திரட்டி அரைத்து, அச்சாற்றை ஆராய்ந்தனர். அதில் ஆக்டினைப் பற்றிக்கொள்ளும் ஒரு பெரும் புரதம் இருப்பதை 1975-ல் பிரசுரித்தனர். இப்புரதத்தை ஆக்டினோடு சேர்த்தால், நீராக இருந்தது கூழாக இறுகுவதைத் தொடர்ந்து வந்த சோதனைகள் காட்டின. அதே 1975-ல், கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் வாங், ஆஷ், ஸிங்கர் என்ற மூவர், கோழியின் இரைப்பைத் தசையிலிருந்து ஒரு பெரும் புரதத்தைப் பிரித்து, இழையோடு சேர்ந்திருப்பது என்னும் பொருள்பட அதற்குப் பிலமின் என்று நாமகரணம் செய்தனர். ஒருவர் முயலில் கண்டதும் மற்றவர் கோழியில் கண்டதும் ஒரே குடும்பத்துப் பொருள் என்பது பின்னர் விளங்கிற்று. பிலமின் என்ற பெயரே நிலைத்தது. மனிதரிடத்தில் இக்குடும்பத்தில் மூன்று உறுப்பினர் உண்டு. அவற்றுள் எங்கும் பரவியிருப்பது பிலமின்-ஏ. அதையே இங்கு பிலமின் என்று கூறி வருகிறோம்.

அதன் அமைப்பைச் சிறிது சொல்வோம். ஒரு பிலமின் சரத்தில் 2,647 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பில் ஆக்டினைப் பற்றும் கை. அதன் பின் ஒன்றன் பின் ஒன்றாக 24 மடிப்புகள். இடையில் வளைந்து கொடுப்பதற்கு இரண்டு கீல்கள். கடைசி மடிப்பிலே ஒரு சரம் மற்றொரு சரத்தோடு இணைகிறது. இணைந்த இரண்டும் விரித்த கவட்டையைப் போல் நிற்கும். ஒவ்வொரு சரத்தின் நீளமும் சுமார் 80 நானோமீட்டர். இரு கைகளும் இரு வேறு ஆக்டின் இழைகளைப் பற்றுகின்றன; அவ்விழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும்படி கட்டுகின்றன.

நமது ஊர்களில் பந்தல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மூங்கில்களை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கொட்டினால் பந்தல் ஆகிவிடுமா? நட்ட காலும் குறுக்கு மூங்கிலும் சந்திக்கும் இடத்தில் கயிற்றுக் கட்டுப் போட்ட பிறகே அது காற்றைத் தாங்கி நிற்கும் பந்தலாகிறது. உயிரணுவின் மேலாடைக்குக் கீழே ஆக்டின் மூங்கில், பிலமின் கயிறு. ஆனால் சாதாரணக் கயிறன்று. இழுத்தால் நெகிழும், விட்டால் பழைய நிலைக்கு மீளும்.

சாட்சியும் ருசுவும்

ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதாலேயே அங்கு நடந்த காரியத்துக்கு அது காரணம் என்று சொல்லிவிட முடியாது. சம்பவ ஸ்தலத்தில் நின்றவனெல்லாம் குற்றவாளி ஆகமாட்டான் என்பது வக்கீல் தொழிலில் முதற்பாடம். சோதனைக் குழாயில் பிலமின் ஆக்டினைக் கூழாக்கியது மெய்யே. உயிருள்ள அணு நடப்பதற்கு அது இன்றியமையாதது என்பதற்கு ருசு எங்கே? இக்கேள்வி ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் நின்றது.

1992-ல் விடை கிடைத்தது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்ட மனிதரிடமிருந்து எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பட்ட அணு வம்சங்கள் சிலவற்றில் பிலமின் அடியோடு இல்லை என்பதைக் கன்னிங்ஹாம், ஸ்டோஸல் முதலியோர் கண்டனர். அந்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, உலையில் கொதிக்கும் கஞ்சியில் குமிழிகள் எழுவதும் அடங்குவதும் போல், அவற்றின் மேற்பரப்பில் ஓயாமல் குமிழ்கள் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தன. கட்டில்லாத பந்தலின் துணி காற்றில் உப்புவதைப் போன்றதே இது. அவ்வணுக்கள் சரியாக நடக்கவுமில்லை. பிறகு, பிலமினை உண்டாக்கும் ஜீனை அவ்வணுக்களில் செலுத்தினார்கள். பிலமின் உண்டாயிற்று, குமிழ்கள் அடங்கின, அணுக்கள் ஊர்ந்து செல்லலாயின.

சாட்சியத்தின் வலிமையை நேயர்களே நிறுத்துப் பார்க்கலாம். ஓர் ஆள் இல்லாத இடத்தில் காரியம் கெட்டுக் கிடக்கிறது. மற்றெல்லாம் முன்போலவே இருக்க, அந்த ஆளை மட்டும் கொண்டு வந்து சேர்த்ததும் காரியம் சீராகிறது. இதைக் காட்டிலும் தெளிவான ருசு எந்த நியாயஸ்தலத்திலும் எளிதில் கிடைப்பதில்லை.

பற்றுவதும் விடுவதும்

இனிப் பிடிப்பைப் பற்றிப் பார்ப்போம். உயிரணுவின் மேலாடையை ஊடுருவி இன்டெக்ரின் என்னும் புரதங்கள் நிற்கின்றன. அவற்றின் தலை வெளியே உள்ள நார்ப்பொருளைப் பற்றுகிறது. வால் உள்ளே நீண்டிருக்கிறது. அவ்வாலை உள்ளே இருக்கும் ஆக்டின் வலையோடு பிணைத்தால்தான் இழுக்கும் பலம் தரைக்குச் செல்லும். படகில் கட்டாத நங்கூரத்தால் என்ன பயன்? வாலைப் பிடிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டாலின் என்ற புரதம். மற்றொன்று நமது பிலமின். டாலின் பிடித்தால் இன்டெக்ரினின் தலை விழிப்படைந்து வெளியே இறுகப் பற்றும். பிலமின் பிடிக்கும் இடமும் டாலின் பிடிக்கும் இடமும் வாலில் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன; ஆகவே ஒன்று அமர்ந்தால் மற்றொன்றுக்கு இடமில்லை என்பதை 2006-ல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று.

அப்படியானால் பிலமின் மேலும் உறுதியாகப் பற்றினால் நடை மேலும் நன்றாகுமா? இல்லை. இன்டெக்ரின் வாலும் பிலமினும் அளவுக்கு மீறி இறுகிக்கொண்டால் அணுவின் நடை தடைப்படுகிறது என்று கால்டர்வுட் முதலியோர் 2001-ல் எடுத்துக்காட்டினர். சேற்றில் புதைந்தவனின் கதைதான் இது. கட்டு இல்லாவிட்டால் குமிழ். கட்டு மிகுந்தால் முடக்கம். நடை என்பது இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய வரப்பின் மேல் செல்வதாகும்.

இவ்வரப்பை அணு எவ்வாறு அறிகிறது? இதற்கும் பிலமினே ஓரளவு விடை தருகிறது. 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் ஆக்டினும் பிலமினும் சேர்ந்த வலையை அமைத்து, அதை இழுத்துப் பார்த்தார்கள். இழுவிசை ஏறியபோது இன்டெக்ரினின் வால் பிலமினை முன்னிலும் அதிகமாகப் பற்றிற்று. பில்கேப் என்னும் வேறொரு புரதம் பிலமினை விட்டு விலகிற்று. பில்கேப் என்பது அணு நாக்கு நீட்டுவதை அடக்கி வைக்கும் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே இழுப்பு என்னும் வெறும் பலம், யார் சேரவேண்டும், யார் விலகவேண்டும் என்ற உத்தரவாக மாறுகிறது. கயிறு கட்டுவதோடு நில்லாமல், எவ்வளவு இழுபடுகிறோம் என்பதை அறிந்து செய்தியும் அனுப்புகிறது.

மூளையில் நின்றுபோன யாத்திரை

இவையெல்லாம் கண்ணாடிக் கலத்துக்குள் நடந்தவை. வீட்டுக்குள் நடப்பதை இனிக் கூறுவோம்.

சில பெண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், நடுவிலுள்ள நீரறைகளின் ஓரமாக, நரம்பணுக்கள் கட்டி கட்டியாகக் குவிந்து கிடப்பது தெரியும். மேற்பரப்புக்குச் சென்று சேரவேண்டிய அணுக்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டன. 1998-ல் பாஸ்டனில் கிறிஸ்டோபர் வால்ஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தனர். பிலமின்-ஏ புரதத்துக்குரிய ஜீனில் நேர்ந்த பழுதே அது. வெள்ளணுவின் நடையை ஆராயத் தொடங்கிய பாதை, முற்றிலும் எதிர்பாராத விதமாக, மூளையில் வந்து முடிந்தது.

இந்த ஜீன் எக்ஸ் என்னும் குரோமோஸோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே, பெண்ணுக்கு இரண்டு. பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டில் ஒன்று ஓய்ந்துவிடுகிறது என்பதை 1961-ல் மேரி லயன் என்ற ஆங்கில மாது எடுத்துரைத்தார். ஆகவே, ஒரு பிரதியில் பழுதுள்ள பெண்ணின் மூளையில் நல்ல பிரதி வேலை செய்யும் அணுக்கள் நடந்து இடம் சேர்கின்றன. மற்றவற்றில் பல வழியிலேயே நின்றுவிடுகின்றன. நீரறையின் உட்பூச்சாக ஒன்றையொன்று பற்றி நிற்கவேண்டிய அணுக்களின் வரிசை குலைவதும் இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதாவது நடையும் பிடிப்பும் இரண்டுமே பழுதாகின்றன. ஆண் கருவுக்கோ மாற்றுப் பிரதி இல்லை. ஜீன் அடியோடு பழுதானால், அக்கரு பெரும்பாலும் பிறவாமலே மடிகிறது, அல்லது பிறந்து சில நாளில் இறக்கிறது.

இப்பெண்களிற் பெரும்பாலோர் புத்தியில் குறைந்தவரல்லர். பள்ளிக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். பருவ வயதிலோ அதன் பின்னரோ பலருக்கு வலிப்பு தொடங்குகிறது. சிலருக்கு இருதயத்தின் வால்வுகளிலும் பெருந்தமனியிலும் கோளாறு உண்டாகிறது. ஆதலால் இந்நோய் கண்டவர்களின் இருதயத்தையும் வைத்தியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சிலருக்கு இப்பழுது தாயிடமிருந்து வருகிறது. வேறு பலருக்கு, தாய் தந்தையரிடம் இல்லாமலே, புதிதாக உண்டாகிறது. 2003-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி, அதே ஜீனில் வேறு வகையான மாறுதல் நேர்ந்தால், மூளைக்குப் பதிலாக எலும்புகளின் வளர்ச்சி கெடுவதைக் காட்டியது. இடம் மாறிய அணுக்களை மீண்டும் நடக்கச் செய்யும் மருந்து கிடையாது. ஆனால் வலிப்பை மருந்தினால் அடக்கலாம். இருதயக் கோளாற்றை முன்னதாக அறிந்து பரிகாரம் தேடலாம்.

திண்ணைத் தீர்ப்பு

இப்போது நாம் முதலில் வாக்களித்த இடத்துக்கு வருவோம்.

பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வலிப்புக் கண்டு விழுகிறாள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். பேய் என்கிறார் ஒருவர். பூர்வ ஜன்ம பாவம் என்கிறார் வேறொருவர். மந்திரவாதிக்குச் செலவழிக்கும் பணம் வைத்தியருக்குப் போவதில்லை. செய்தி வெளியே தெரிந்தால் கலியாணம் ஆகாதென்று மறைக்கிறார்கள். கலியாணமான பின் மருந்தை மறைத்து உண்கிறாள். அல்லது உண்ணாமல் விட்டு மறுபடி விழுகிறாள். ஆண் சிசுக்கள் கருவிலேயே கலைந்தால், குலத்தை வேரறுக்க வந்தவள் என்று மாமியார் வீட்டில் பட்டம் கிடைக்கிறது. கயிறு போன்ற ஒரு புரதம், அவள் தன் தாயின் கருப்பையில் இருந்தபோதே, சரியாக அமையாமற்போனதற்கு அவள் எப்படிப் பொறுப்பாளி ஆவாள்? தாயும் பொறுப்பாளி அல்லள்.

அறியாமை திண்ணையில் மட்டும் இருந்ததென்று எண்ணவேண்டாம். அது சட்டப் புஸ்தகத்திலும் இருந்தது. ஹிந்து விவாகச் சட்டம் 1955-ல் இயற்றப்பட்டது. 1976-ல் அதைத் திருத்தியபோது, அடிக்கடி பைத்தியமோ வலிப்போ காண்பவர் விவாகத்துக்குத் தகுதியுள்ளவரல்லர் என்று பொருள்படும் வாசகத்தைச் சேர்த்தார்கள். மூளையின் ஓரிடத்தில் மின்னோட்டம் தடுமாறுவதைச் சித்தபிரமையோடு ஒரே வரியில் எழுதினார்கள். இந்த வாசகத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லை நீக்குவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில், இந்தியாவில் வலிப்பு கண்ட ஒவ்வொரு ஹிந்துப் பெண்ணின் தாலியின் மேலும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது. சொல் சட்டத்தினின்று நீங்கிவிட்டது. மனத்தினின்று நீங்கிவிட்டதா? வியாதியை மறைத்து மணம் செய்வித்தார்கள் என்ற வாதத்தின் வழியாக, வெளியே துரத்தப்பட்ட அதே சொல் பின்வாசலால் நுழையப் பார்ப்பதை விவாக வழக்குகளோடு பழக்கமுள்ளவர்கள் அறிவார்கள். மறைக்காமல் சொன்னால் மணமில்லை, மறைத்தால் வஞ்சனை. இந்த இரண்டுக்கும் நடுவில் அப்பெண் எங்கே நிற்பாள்?

வலிப்பெல்லாம் பிலமினால் வருவதென்று நாம் கூறவில்லை. வலிப்புக்குக் காரணங்கள் அநேகம். தலையில் பட்ட அடி, மூளைக்காய்ச்சல், பிரசவ காலத்துச் சேதம், இன்னும் எத்தனையோ. பிலமின் பழுது அவற்றுள் அரிய ஒன்று. எனினும் அந்த அரிய ஒன்றில் காரணச் சங்கிலி முழுவதையும் ஒவ்வொரு கண்ணியாக எண்ணிக் காட்ட முடிகிறது என்பதே அதன் சிறப்பு. ஜீனில் பழுது; அதனால் புரதத்தில் பழுது; அதனால் அணுவின் நடையிலும் பிடிப்பிலும் பழுது; அதனால் இடம் மாறிய நரம்பணுக்கள்; அதனால் வலிப்பு. இந்தச் சங்கிலியில் பேய் புகுவதற்கு ஓர் இடைவெளியும் இல்லை.

இன்னொரு விஷயமும் இங்கு கவனிக்கற்பாலது. ஸெகெட் நகரில் தசையை ஆராய்ந்தவர்கள் வலிப்பைத் தேடவில்லை. முயலின் நுரையீரலை அரைத்தவர்களும், கோழியின் இரைப்பையைக் கரைத்தவர்களும் பெண்களின் மூளையைப் பற்றி எண்ணியிருக்கமாட்டார்கள். ஆக்டினைக் கண்ட 1942-லிருந்து மூளைநோயின் காரணம் தெரிந்த 1998 வரையில் ஐம்பத்தாறு ஆண்டுகள் சென்றன. இடையில் எந்த ஆண்டிலேனும் ஒரு நிதி மந்திரி எழுந்து, கோழியின் இரைப்பையால் ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால், அவருக்குச் சபையில் கரகோஷம் கிடைத்திருக்கும், சங்கிலியோ அறுந்திருக்கும். உடனடிப் பயனைக் கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்போம் என்பவர்கள் இந்த ஐம்பத்தாறு ஆண்டுகளை நினைவில் வைக்கவேண்டும்.

நமது நேயர்களில் பலர் சங்கங்களில் பேசுகிறவர்கள்; ஊர்ப் பஞ்சாயத்துகளில் வார்த்தை செல்லுபடியாகிறவர்கள்; சொந்தக் குடும்பங்களில் முடிவு சொல்கிறவர்கள். அவர்களை நாம் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றுமன்று. அடுத்த முறை வலிப்பு கண்ட ஒரு பெண்ணைப் பற்றித் தங்கள் முன்னிலையில் பேச்சு வந்தால், சாவியை எடுக்கச் சொல்லாமல் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைக்கச் சொல்லுங்கள். மந்திரவாதியிடம் போகும் வண்டியை நரம்பு வைத்தியரிடம் திருப்பிவிடுங்கள். மருந்தை ஒளித்துத் தின்ன வேண்டிய நிலை அவளுக்கு வாராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஆண் கரு திரும்பத் திரும்பக் கலைந்து, பெண்களுக்கு வலிப்பும் இருந்தால், அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். வைத்தியர் நோயைக் கண்டறிவதற்கு அந்தக் குடும்பச் சரித்திரம் முக்கியமான சாட்சியம்.

சாட்சியம் இதோ இருக்கிறது. தீர்ப்பை மாற்றி எழுதவேண்டியது திண்ணையில் அமர்ந்திருப்பவர்களின் கடமை.